முதல் ஹார்ட்கோர் இரவு: பிரிட்டனின் சின்னக் கூடங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டிஷ் ஹார்ட்கோர் பங்க்கில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் பாட்டுச் செயலியைத் திறந்து 'புதிய வெளியீடுகள்' பகுதியைப் பார்ப்பார்கள். அங்கே அது கிடைப்பது அரிது. ஹார்ட்கோர் என்பது பங்க் ராக் இசையின் இன்னும் வேகமான, கரடுமுரடான வடிவம். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்குகிறார்கள். சில மாதங்களில் ஐந்து பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்கிறார்கள். ஐம்பதோ நூறோ கேசட் போடுகிறார்கள். அந்தக் கேசட் முதலில் விலைக்கு வரும் இடம், கச்சேரி நடக்கும் கூடத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் ஒரு மடக்கு மேசை. செயலியில் அது ஏறுவதற்குள் அடுத்த குழு தொடங்கியிருக்கும். சில நேரம் முதல் குழுவே கலைந்திருக்கும்.

அதனால் புதிய வெளியீடுகளுக்கு ஒரு வழி, நேரடி நிகழ்ச்சிகளுக்கு இன்னொரு வழி என்று நான் பிரித்துச் சொல்லப்போவதில்லை. இந்த இசையில் இரண்டும் ஒரே வழிதான். பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்களையும், அங்கேயே பிறந்து வளர்ந்து இந்தப் பக்கம் எட்டிப்பார்க்காமல் இருந்துவிட்டவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு கேட்க விரும்புகிறவருக்கும் முதல் இரண்டு பகுதிகள் பயன்படும்.

முதலில் காதைப் பழக்குங்கள்

கூடத்துக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் கேட்பதற்கு ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு பழைய இசைத்தட்டுகள் போதும். பிறகு நேராக இன்றைக்கு வந்துவிடலாம்.

முதலாவது டிஸ்சார்ஜ். மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் 1977இல் உருவான குழு. 1980இல் அதே ஊரின் கிளே ரெகார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் மூலம் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். 1982இல் 'ஹியர் நத்திங் சீ நத்திங் சே நத்திங்' வந்தது. கேட்கும்போது கிதாரை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். 'டும் டக் டுடும் டக்' என்று நிற்காமல் உருண்டோடும் அந்தத் தாளத்துக்கே அவர்களுடைய பெயரின் முதல் எழுத்தை வைத்து 'டி-பீட்' என்று பெயர் வந்தது. சுவீடனிலும் ஜப்பானிலும் எத்தனையோ குழுக்கள் இந்த ஒரு தாளத்தின் மேல் எழுந்தவை. பாடல் வரிகள் மிகக் குறைவு. அணுகுண்டு, போர், பசி ஆகியவற்றைப் பற்றிய நான்கைந்து வரிகள் திரும்பத் திரும்ப வரும். இது பாட்டா என்று முதல்முறை தோன்றலாம். பறையாட்டத்தின் உச்சத்தில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு, சொல் குறைந்து தாளம் ஏறும்போது உடம்பு என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது நேப்பாம் டெத் குழுவின் 'ஸ்கம்', 1987. பர்மிங்காம் பக்கத்துக் குழு. வெளியிட்டது நாட்டிங்காமின் இயரேக் என்ற நிறுவனம். இந்த ஒரு தட்டு, இந்த உலகம் எப்படி இயங்குகிறது என்பதை முழுமையாகக் காட்டிவிடும். முதல் பக்கத்தை வாசித்தவர்களும் இரண்டாம் பக்கத்தை வாசித்தவர்களும் கிட்டத்தட்ட வேறு வேறு ஆட்கள். இரண்டு பக்கங்களிலும் இருப்பவர் டிரம்ஸ் வாசித்த மிக் ஹாரிஸ் ஒருவர் மட்டுமே. இதில் உள்ள 'யூ சஃபர்' என்ற பாடலின் நீளம் 1.316 விநாடி; உலகின் மிகக் குறுகிய பாடல் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பது, பதிவு மலிவாகவும் விரைவாகவும் முடிவது, நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதது ஆகிய மூன்றும் இன்றுவரை தொடர்கின்றன. பிபிசி வானொலியின் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜான் பீல் இந்தக் குழுவையும், ஹெரசி, எக்ஸ்ட்ரீம் நாய்ஸ் டெரர் போன்ற குழுக்களையும் அழைத்துப் பதிவு செய்து நாடு முழுவதும் ஒலிபரப்பினார். அந்த ஒலிபரப்பு இல்லையென்றால் பல ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் இசை இருப்பதே தெரிந்திருக்காது.

இடையில் நிறைய இருக்கிறது. எசெக்ஸ் கிராமப்புறத்தில் டயல் ஹவுஸ் என்ற பண்ணை வீட்டில் கூட்டாக வாழ்ந்து, 'இதற்கு மேல் விலை கொடுக்காதீர்கள்' என்று உறையிலேயே அச்சிட்டு விற்ற க்ராஸ் குழு. லண்டனில் 1990களின் நடுவில் தொடங்கிய நக்கிள்டஸ்ட்டும் அதைச் சூழ்ந்த ரக்ஷன் ரெகார்ட்ஸ் வட்டமும். 2010களில் 'பிரிட்டிஷ் ஹார்ட்கோரின் புதிய அலை' என்று பேசப்பட்ட தி ஃப்ளெக்ஸ், வயலன்ட் ரியாக்ஷன், ஆர்ம்ஸ் ரேஸ் போன்ற குழுக்கள். இவற்றையெல்லாம் பிறகு பொறுமையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இன்றைய குழுக்களில் எங்கே தொடங்குவது? ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நான்கைச் சொல்கிறேன். எது உங்களை இழுக்கிறதோ அந்தப் பக்கம் போங்கள். லீட்ஸின் பெஸ்ட் கன்ட்ரோல் 2023இல் வெளியிட்ட 'டோன்ட் டெஸ்ட் த பெஸ்ட்', ஹார்ட்கோரும் த்ராஷ் மெட்டலும் மோதும் இடம். ஸ்டீவனேஜ் என்ற புதுநகரிலிருந்து வரும் பேட் பிரீடிங், க்ராஸின் அரசியல் கோபத்தை இன்றைய வாடகை, வேலை, வறுமைக்குள் கொண்டுவருகிறது. அவர்களின் 'கன்டெம்ப்ட்' 2024. லண்டனின் சப்பி அண்ட் த கேங் பழைய பப் பாட்டின் துள்ளலோடு ஓடும். ஹை விஸ் இன்னொரு கரை. அதன் ஆட்கள் ஹார்ட்கோர் குழுக்களிலிருந்து வந்தவர்கள். 2022இல் வந்த 'பிளெண்டிங்', 2024இல் வந்த 'கைடட் டூர்' இரண்டிலும் மெல்லிய கிதார் ஒலிகளும் நடன இசையும் கலந்திருக்கின்றன. ஹார்ட்கோர் என்றால் கத்தல் மட்டும்தான் என்று நினைக்கிற நண்பரிடம் நான் முதலில் ஹை விஸ்ஸைத்தான் கொடுப்பேன்.

குழுக்களை விட வெளியீட்டு நிறுவனங்களைப் பின்தொடருங்கள்

இது நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது. குழுக்கள் கலையும். ஆனால் ஒரு சிறு நிறுவனத்தை நடத்துகிறவரின் ரசனை பத்திருபது ஆண்டுகள் நிலைக்கும். அந்த ஒருவருடைய காதை நம்பினால், அவர் கண்டெடுக்கிற புதிய குழுக்களெல்லாம் தாமாக உங்களிடம் வந்து சேரும்.

லண்டனில் மூன்று பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குவாலிட்டி கன்ட்ரோல் ஹெச்க்யூ, ஹார்ட்கோருக்கென்றே இருப்பது. பிக் சீஸ், பெஸ்ட் கன்ட்ரோல் போன்ற குழுக்கள் இந்த வழியாக வந்தவை. லா விடா எஸ் உன் முஸ் என்ற ஸ்பானியப் பெயர் கொண்ட நிறுவனம் 1999 முதல் இயங்குகிறது. கரடுமுரடான பங்க்கை உலகின் பல மூலைகளிலிருந்தும் தேடிப் பிடித்து வெளியிடுகிறது. சிங்கப்பூரில் மலாய் மொழியில் பாடும் சியால் குழுவை நான் கேட்டது இவர்கள் வழியாகத்தான். ஸ்டாட்டிக் ஷாக், சப்பி அண்ட் த கேங்கின் முதல் தொகுப்பை 2020 தொடக்கத்தில் வெளியிட்டது; பிறகுதான் அந்தக் குழு பெரிய நிறுவனத்துக்குப் போனது. இந்த வரிசையைக் கவனியுங்கள். சின்ன மேசையில் முதலில் கிடைத்தது, பின்னால் பெரிய கடைக்கு வருகிறது. நிறுவனத்தைப் பின்தொடர்கிறவர் அந்த முதல் மேசையருகே நிற்பார்.

பின்தொடரும் முறை எளிது. பேண்ட்கேம்ப் தளத்தில் கணக்குத் தொடங்கி, மேலே சொன்ன மூன்று நிறுவனங்களையும் உங்களுக்குப் பிடித்த இரண்டு குழுக்களையும் தேர்ந்தெடுங்கள். புதிதாக ஏதும் வந்தால் மின்னஞ்சல் வரும். பெரும்பாலானவற்றை வாங்குவதற்கு முன் முழுவதும் கேட்டுவிடலாம். வாங்கினால், எண்முறைப் பதிப்புக்கு 15 விழுக்காடும் தட்டு, கேசட், சட்டைக்கு 10 விழுக்காடும் தளம் எடுத்துக்கொண்டு, பணம் செலுத்தும் கட்டணம் போக மீதியைக் குழுவுக்கோ நிறுவனத்துக்கோ தருகிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காலக் கதவடைப்பின்போது, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் வழக்கத்தை அது தொடங்கியது. அதன் பிறகும் ஆண்டில் சில வெள்ளிக்கிழமைகள் அப்படி அறிவிக்கப்படுகின்றன. குழுக்கள் தங்கள் முதல் பதிவை வெளியிட அந்த நாளுக்காகவே காத்திருப்பதுண்டு. அன்று காலை அரை மணி நேரம் ஒதுக்கி உலாவினால், ஒரு மாதத்துக்குக் கேட்கக் கிடைத்துவிடும்.

வடிவங்களைப் பற்றிச் சுருக்கமாக. டெமோ என்பது குழுவின் முதல் பதிவு, பெரும்பாலும் கேசட். அடுத்தது ஏழு அங்குலத் தட்டு. ஒரு பக்கத்தில் ஐந்தாறு நிமிடங்கள்தான் கொள்ளும். ஒன்றரை நிமிடப் பாடல்களுக்கு அது தாராளம். ஹார்ட்கோரின் இயல்பான அளவு இதுதான் என்பது என் கருத்து. பன்னிரண்டு அங்குல முழுத் தட்டு கடைசியில் வரும். பல குழுக்களுக்கு அது வராமலே போகும். தட்டு இயக்கும் கருவி உங்களிடம் இல்லையென்றால் கூச்சப்பட வேண்டாம். கேசட்டுடன் தரவிறக்கக் குறியீடு கொடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது.

முன்பதிவு செய்து வாங்கும்போது பொறுமை வேண்டும். அச்சுக்கூடத்தில் தாமதம் ஏற்படும்; நிறுவனம் என்பது மாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பொட்டலம் கட்டும் ஒரே ஒரு ஆளாக இருக்கும். பிரிட்டனிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு தட்டை அனுப்பும் கட்டணம் சில நேரம் தட்டின் விலையையே தொட்டுவிடும். ஆகவே இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர் எண்முறைப் பதிப்பை வாங்குவதே நல்லது. அந்தப் பணமும் அதே கைகளுக்குத்தான் போகிறது.

கூடத்தைக் கண்டுபிடிப்பது

இங்கே நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்லர். ஒருவரோ இருவரோ சேர்ந்து ஒரு பெயர் வைத்துக்கொண்டு, கூடத்தை வாடகைக்கு எடுத்து, சுவரொட்டி வரைந்து, வெளியூர்க் குழுவுக்கு இரவுச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்து நடத்துகிறார்கள். உங்கள் ஊரில் அப்படிப்பட்ட இரண்டு பேரின் பக்கங்களை இன்ஸ்டகிராமில் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கான வழி: உங்களுக்குப் பிடித்த குழு உங்கள் ஊருக்கு வந்த பழைய நிகழ்ச்சியின் சுவரொட்டியைத் தேடுங்கள். நடத்தியவரின் பெயர் சுவரொட்டியின் மேல் ஓரத்தில் இருக்கும்.

ஊர்வாரியாக எனக்குத் தெரிந்தவை சில. லண்டனில் தென்கிழக்குப் பகுதியில் நியூ கிராஸ் இன் என்ற பப். கேம்டனில் ஒரு பப்பின் அடியில் 500 பேர் கொள்ளும் அண்டர்வேர்ல்டு. அங்கே தூண்கள் மறைக்கும், முன்கூட்டியே போய் இடம் பாருங்கள். லீட்ஸில் வார்ஃப் சேம்பர்ஸ். தொழிலாளர் கூட்டுறவாக நடப்பது, உறுப்பினர் மன்றம். உறுப்பினராகவோ உறுப்பினரின் விருந்தினராகவோ தான் உள்ளே போக முடியும். கட்டணம் அற்பம், ஆனால் சேர்ந்த உடனே செல்லுபடியாகாது என்பதால் சில நாட்கள் முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். 1913இல் தொடங்கிய தொழிலாளர் மன்றமான ப்ரூடனெல் சோஷியல் கிளப்பும் அதே ஊரில் இருக்கிறது. நாட்டிங்காமில் ஜே.டி. சோர், ஒரு காலத்தில் காய்கனிக் கிடங்கு. பிரிஸ்டலின் எக்ஸ்சேஞ்ச், ஊர்மக்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து சொந்தமாக்கிக்கொண்ட கூடம்.

பிராட்ஃபோர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. அங்கே ஒன் இன் ட்வெல்வ் கிளப் என்று ஒன்று இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் சேர்ந்து தொடங்கியது. உதவித்தொகை வாங்குகிறவர்களில் பன்னிரண்டில் ஒருவர் அரசை ஏமாற்றுகிறார் என்று அன்றைய அரசு விசாரணை ஒன்று சொன்னது. அந்த வசையையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். 1988 முதல் சொந்தக் கட்டடத்தில், தலைவர் என்று யாரும் இல்லாமல், உறுப்பினர்களே நடத்துகிறார்கள். அங்கே சுவரில் தலைமுறை தலைமுறையாக ஒட்டப்பட்ட சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற முதல் மாலையை நான் மறக்கவில்லை. இசைக்காகப் போனேன், ஓர் ஊர், தன் இசைக்கான கூரையைத் தானே போட்டுக்கொள்ள முடியும் என்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இந்தக் கூடங்கள் என்றும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிறு இசைக்கூடங்களுக்காகக் குரல் கொடுக்கும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் அமைப்பின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் 125 சிறு கூடங்கள் நேரடி இசையை நிறுத்திவிட்டன. வாடகை, மின்கட்டணம், பக்கத்தில் புதிதாக எழும் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வரும் சத்தப் புகார் என்று காரணங்கள் பல. அதனால் 'அடுத்த முறை போகலாம்' என்று நான் தள்ளிப்போடுவதில்லை.

டிக்கெட்டும் அடையாள அட்டையும்

சின்ன நிகழ்ச்சிக்கு எட்டு முதல் பதினைந்து பவுண்டுவரை ஆகும். டைஸ், சீ டிக்கெட்ஸ் போன்ற செயலிகளிலோ வாசலிலோ வாங்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு முடிந்ததைக் கொடுங்கள் என்று சொல்லும் நிகழ்ச்சிகளும் உண்டு, தயங்காமல் கேளுங்கள். முன்னதாகவே வாங்கிவிடுவது நடத்துகிறவருக்குப் பெரிய உதவி. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் வாசலில் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய வயிறு படும் பாடு அவருக்குத்தான் தெரியும்.

வயது வரம்பைச் சுவரொட்டியில் பாருங்கள். 14க்கு மேல், 18க்கு மேல் என்று கூடத்துக்குக் கூடம் மாறும். மது விற்கும் இடங்களில், 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற யாரிடமும் அடையாள அட்டை கேட்கும் வழக்கம் இருக்கிறது. நம் ஆட்கள் பலர் முப்பதிலும் இருபதாகத் தெரிவார்கள். மாணவர் அட்டையை ஏற்கமாட்டார்கள். கடவுச்சீட்டைக் கூட்டத்துக்குள் எடுத்துக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டால் ஒரு மாதம் அலைய வேண்டும். பாஸ் (PASS) முத்திரை உள்ள வயதுச்சான்று அட்டையையோ, தகுதி இருந்தால் பழகுநர் ஓட்டுநர் உரிமத்தையோ முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரவு

கதவு ஏழு மணிக்குத் திறக்கும் என்றால் ஏழு மணிக்கே போங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும். நான்கு குழுக்கள் வாசிக்கும் இரவில், முதல் குழு ஏழரைக்கு ஏறி ஏழே முக்காலுக்கு இறங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து, இருபது நிமிடம். கடைசிக் குழுவுக்கு அரைமணி, நாற்பது நிமிடம். அந்த முதல் குழுதான் நீங்கள் தேடி வந்த புதிய வெளியீடு. இன்னும் டெமோகூட வராத குழுவாக இருக்கலாம். அவர்களுக்கு முன் பதினைந்து பேர் நிற்பதற்கும் நாற்பது பேர் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு, அந்தக் குழு அடுத்த ஆண்டு இருக்குமா இல்லையா என்பதைக்கூடத் தீர்மானித்துவிடும்.

காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். பிரிட்டனின் பணியிடச் சத்த விதிகளின்படி, ஒரு நாளின் சராசரி 85 டெசிபலைத் தொட்டால் தொழிலாளருக்குக் காதுப் பாதுகாப்பு கட்டாயம். சின்னக் கூடத்தில் ஒலிபெருக்கிக்கு அருகே அது 100ஐத் தாண்டுவது வெகு சாதாரணம். ஒலியைச் சிதைக்காமல் அளவை மட்டும் குறைக்கும் இசைக்கான காதடைப்பான்கள் பதினைந்து, இருபது பவுண்டுக்குக் கிடைக்கின்றன. பஞ்சு போன்ற மலிவான வகையைப் பல கூடங்களில் மதுமேடையில் கேட்டால் தருவார்கள். மறுநாள் காலை காதில் ரீங்காரம் கேட்டால் அது பெருமைக்குரிய தழும்பு அல்ல. போன செவித்திறன் திரும்பி வராது.

எங்கே நிற்பது? முதல் முறை, கூடத்தின் ஒலியைச் சீராக்கும் கருவிகளோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் நில்லுங்கள். கூடத்திலேயே ஒலி மிக நன்றாகக் கேட்கும் இடம் அதுதான். மேடைக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு வெற்றிடம் இருப்பதைப் பார்ப்பீர்கள். இடம் காலியாக இருக்கிறதே என்று போய் நின்றுவிடாதீர்கள். அதுதான் பிட். குழு தொடங்கியதும் ஆடுகிறவர்கள் அங்கே இறங்குவார்கள்.

பிட் வெளியிலிருந்து பார்க்கச் சண்டை போலத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அதில் ஓர் இலக்கணம் உண்டு. வேகமான பகுதியில் வட்டமாக ஓடுவார்கள். தாளம் நடையாக மாறும்போது முழங்காலை உயர்த்தி ஒரே இடத்தில் மிதிப்பார்கள், அதற்கு டூ-ஸ்டெப் என்று பெயர். தாளம் பாதி வேகத்துக்கு இறங்கிக் கனக்கும் இடம் பிரேக்டவுன், அங்கே கையும் காலும் வீசப்படும். யாராவது விழுந்தால் அந்தக் கணமே நான்கு கைகள் அவரைத் தூக்கி நிறுத்தும். இது எழுதப்படாத முதல் விதி. இதை மீறுகிறவரை யாரும் மதிப்பதில்லை. வேண்டுமென்றே ஒருவரைக் குறிவைத்து அடிப்பதும், கூட்டத்தில் கைவைக்கக் கூடாத இடத்தில் கைவைப்பதும் எந்தக் கூடத்திலும் பொறுத்துக்கொள்ளப்படுவதில்லை. அப்படி ஏதாவது நடந்தால் வாசலில் பணம் வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். அநேகமாக நிகழ்ச்சியை நடத்துகிறவர் அவராகத்தான் இருப்பார்.

இறங்க விரும்பினால்: கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், காதணியையும் சங்கிலியையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டு பிட்டின் விளிம்பில் நிற்க வேண்டாம். முழங்கை பட்டால் கைப்பேசியும் போகும், பல்லும் போகும். பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டும்போது வரி தெரிந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி விழுந்து கத்துவார்கள். இந்த இசையில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அது. மேடை முழங்கால் உயரமே இருக்கும். பல இடங்களில் மேடையே இருக்காது. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் தடுப்பு இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் உங்களோடு நின்று கைதட்டியவர் இப்போது டிரம்ஸின் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

தனியாகப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம். நான் முதல் ஓராண்டு தனியாகத்தான் போனேன். வெள்ளையர்கள் நிறைந்த கூடத்தில் ஒரே பழுப்பு முகமாக நிற்கும் உணர்வு எனக்கும் இருந்தது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். அதே உணர்விலிருந்து பிறந்ததுதான் லண்டனின் டிகாலனைஸ் ஃபெஸ்ட். வெள்ளையரல்லாத பங்க் இசைக்காரர்கள் சேர்ந்து 2017இல் தொடங்கிய விழா அது. இன்னும் பின்னே போனால், 1979இலேயே தென்லண்டனில் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏலியன் கல்ச்சர் என்ற பங்க் குழுவை நடத்தினார்கள். அங்கே நாம் புதிதாக நுழையவில்லை. இடைவேளையில் பக்கத்தில் நிற்பவரிடம் 'இப்போது வாசித்த குழு எந்த ஊர்?' என்று கேளுங்கள். ஹார்ட்கோர் ரசிகர்கள் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள்.

மேசை

ஒவ்வொரு குழுவும் இறங்கியதும் மேசைக்குப் போங்கள். கடைசிக் குழு முடியும்வரை காத்திருந்தால் கேசட் தீர்ந்திருக்கும். கேசட் ஐந்து பவுண்டு, ஏழு அங்குலத் தட்டு ஏழெட்டு, சட்டை பதினைந்து முதல் இருபத்தைந்து என்ற அளவில் இருக்கும். அட்டை வாங்கும் கருவி பெரும்பாலும் உண்டு. ஆனாலும் இருபது பவுண்டு ரொக்கம் கையில் இருப்பது நல்லது. வாசல் பணத்தில் நான்கு குழுக்களுக்கும் பங்கு போட்டால், வேன் டீசலுக்கே சரியாகிவிடும். மேசையில் நீங்கள் கொடுக்கும் பணம்தான் அடுத்த பதிவுக்கு ஆகிறது.

ஒரே ஒரு பொருள் வாங்க முடியும் என்றால் எது? புகழ்பெற்ற குழுவின் சட்டையை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். முதலில் வாசித்த, பெயர் தெரியாத குழுவின் டெமோவை வாங்குங்கள். மேசையில் கையால் மடித்த சிறுபத்திரிகையும் இருக்கலாம். ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும் அந்த நகலெடுத்த தாள்களில், ஐந்தாறு புதிய குழுக்களின் நேர்காணலும் வரவிருக்கும் வெளியீடுகளின் குறிப்பும் இருக்கும். எந்தச் செயலியும் தராத பட்டியல் அது.

திரும்பி வருவது

பெரும்பாலான கூடங்களில் பதினொரு மணிக்குச் சத்தம் நிற்க வேண்டும். வார நாட்களில் பத்தரைக்கே முடிந்துவிடும். ஆனாலும் கடைசி ரயிலின் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் குளிர்காலத்தில் அதைப் பார்க்காமல் போய், வியர்வையில் நனைந்த சட்டையோடு விடியும்வரை ஒரு நிலைய வாசலில் நின்று நடுங்கியிருக்கிறேன். மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது அன்று முதல் என் வழக்கம். லண்டனில் வெள்ளி, சனி இரவுகளில் சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்கடில்லி, விக்டோரியா ஆகிய ஐந்து தடங்களில் விடிய விடிய ரயில் ஓடும். எல்லாக் கிளைகளிலும் ஓடாது. வெளியூர் நிகழ்ச்சிகளுக்கு 16 முதல் 25 வயதினருக்கான ரயில் அட்டை கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். முழுநேர மாணவரானால் அந்த வயதைத் தாண்டியவரும் அதை வாங்கலாம்.

பெரிய விழாக்கள் எப்போது?

ஐந்தாறு சின்ன நிகழ்ச்சிகளுக்குப் பிறகு. முதலிலேயே விழாவுக்குப் போனால் முப்பது குழுக்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் நினைவில் இல்லாமல் திரும்புவீர்கள். அவுட்பிரேக் இன்று நாட்டின் பெரிய ஹார்ட்கோர் விழா; மான்செஸ்டரில் கோடையில் நடக்கிறது, 2025இல் லண்டன் விக்டோரியா பூங்காவிலும் ஒரு நாள் நடந்தது. பெரிய கூட்டமாக இருந்தாலும் மேடைக்கு முன் தடுப்பு வைக்காத வழக்கத்தால் பெயர் பெற்றது. அமெரிக்கக் குழுக்கள் நிறைய வரும். மான்செஸ்டர் பங்க் ஃபெஸ்டிவல் 2015 முதல் ஊரின் பல கூடங்களில் பரவி நடப்பது. கூடத்துக்குக் கூடம் நடந்து போவதிலேயே ஊரைத் தெரிந்துகொள்ளலாம். ஆகஸ்டில் பிளாக்பூல் கடற்கரை ஊரின் விண்டர் கார்டன்ஸில் நடக்கும் ரெபெலியன், 1996இல் வேறு பெயரில் தொடங்கியது. பழைய தலைமுறைக் குழுக்களை ஒரே கூரையின்கீழ் பார்க்க வேண்டுமானால் அங்கே போங்கள். சின்னக் கூடத்தில் மேசைக்கு அப்பால் நின்று உங்களுக்குக் கேசட் விற்றவர்களை இந்த விழாக்களின் மதிய வேளைச் சிறு மேடைகளில் பார்ப்பீர்கள். விழாவின் கால அட்டவணை வந்ததும், கடைசிப் பெயர்களை விட்டுவிட்டு மதியம் பன்னிரண்டு, ஒரு மணிப் பெயர்களை முதலில் வட்டமிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்பாக, இந்த வாரத்திலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் அடுத்த பத்து நாட்களுக்குள் நடக்கும் ஒரு நிகழ்ச்சியின் சுவரொட்டியைத் தேடிப் பிடியுங்கள். அடியில் மிகச் சிறிய எழுத்தில் உள்ள குழுவின் பெயரைப் பேண்ட்கேம்ப்பில் போட்டுக் கேளுங்கள். ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். பிடித்திருந்தால் டிக்கெட்டை எடுத்துவிட்டு, காதடைப்பானை மறக்காமல் பையில் வையுங்கள்.